பச்சைப் புள்ளி வைத்த தோட்டா

அத்தியாயம் 9

“ரெண்டு மணிக்கு ஜட்ஜ் முன்னாடி நின்னு, ‘ஆமாய்யா, நான்தான் கொன்னேன்’னு சொல்லப் போறேன். நீ கிளம்பும்மா தெல்மா.”

ஜெயிலின் தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம், போனைக் காதில் அழுத்திக்கொண்டு சொன்னார் வெண்டல் பக்னர். வயது அறுபத்தெட்டு. பிளம் கிரீக் ஊரின் துப்பாக்கி கிளப்பை ஆரம்பித்தவர். சனிக்கிழமை தோறும் உள்ளூர் ரேடியோவில் அரை மணி நேரம், தற்காப்பு என்றால் என்ன என்று ஊருக்கே பாடம் எடுத்த குரல் அது. இப்போது அதில் உயிரே இல்லை.

இந்தப் பக்கம் தெல்மா கிராப்ட்ரீ. ஷெரிஃப் ஆபீஸில் இருபது வருஷம் குப்பை கொட்டிவிட்டு, இப்போது வக்கீல்களுக்காகத் துப்பறிகிறவள். அவளை ஒட்டி இன்னொரு ரிசீவரோடு அசிஸ்டென்ட் ஆர்லோ ஸ்டிட். உடம்பு பெரிசு. வாய் அதைவிடப் பெரிசு.

“மணி பத்தரை,” என்றாள் தெல்மா. “இன்னும் மூணரை மணி நேரம் இருக்கு. மறுபடி ஒரு தடவை சொல்லுங்க வெண்டல்.”

“எத்தனை தடவைம்மா? போன செவ்வாய்க்கிழமை கோழிக் கம்பெனிக்காரன் கேட்டை இழுத்துப் பூட்டினான். எழுநூறு பேருக்கு வேலை போச்சு. அன்னிக்கே கல்லு, அப்புறம் பெட்ரோல் பாட்டில். டெபுடி போலீஸ் ஒருத்தன் தாடையைச் செங்கல்லாலே பேத்தாங்க, மூணு பல்லு நடுரோட்டுல கிடந்துச்சு. பக்கத்து வீட்டு மேபெல் கடைக்குள்ள இருக்கிறப்பவே அவ துணிக்கடையைக் கொளுத்தினாங்க. பாதித் தலை கருகி வெளியே வந்தா. அப்பவும் நான் ரேடியோவுல என்ன சொன்னேன்? கூட்டத்தைப் பார்த்துச் சுடறவன் கோழை. கூட்டத்துக்குள்ள போறவன் முட்டாள். கதவைச் சாத்திட்டு வீட்டுல கிட, உன் வாசலுக்கே வந்தா மட்டும் கையில எடு. சொன்னேனா, இல்லையா?”

“சொன்னீங்க. நானும் கேட்டேன்.”

“வியாழக்கிழமை மத்தியானம். தெரு பூரா டயர் புகை. வெடிச் சத்தத்துல காது அடைச்சுப் போச்சு. நான் வாசல்ல நிக்கறேன். மூஞ்சில துணி கட்டிக்கிட்டு ஒருத்தன் புகைக்குள்ளேருந்து என்னைப் பார்த்து ஓடி வர்றான். கையில சிவப்பு பெட்ரோல் கேன். ‘நில்லுடா’ன்னு கத்தினேன். நிக்கலை. ஒரு குண்டு. ஒண்ணே ஒண்ணு. விழுந்துட்டான்.”

வெண்டல் போனை மற்றக் கைக்கு மாற்றினார்.

“டிராவிஸ் லோமன். இருபத்திரண்டு வயசு. கரண்ட் இல்ல, அவங்க அம்மாவுக்கு மூச்சு மிஷின் ஓடணும். ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் வாங்கிக்கிட்டு என் வீட்டுக் குறுக்கே புகுந்து ஓடியிருக்கான். புகைக்குத்தான் துணி கட்டியிருக்கான். நான் ஓடிப் போய் அதை அவுத்தேன். வாயில ரத்தம் நுரைச்சு வருது. ‘கேன் சாஞ்சிடப் போகுது’ன்னான். அவ்வளவுதான், போயிட்டான்.”

தெல்மா ஃபைலில் ஒரு வரியில் விரலை வைத்தாள்.

“குண்டு முதுகுல பாஞ்சிருக்கே?”

“பயந்து திரும்பியிருப்பான். எனக்கு ஞாபகம் இல்ல. ஓடற பையன் முதுகுல சுட்டவன்னு அரசாங்க வக்கீல் சொல்றார். சொல்லட்டும்.”

“அது மட்டுமா சொல்றார்?” என்று ஆர்லோ ஃபைலைப் புரட்டினான். “பையன் உடம்புல இருந்தது ஈயத்தை உருக்கி வீட்டுல வார்த்த குண்டு. உங்க வாசப்படியில கிடைச்ச காலித் தோட்டாவுக்கு அடியில பச்சை மைப் புள்ளி. அதுவும் வீட்டுல மருந்து நிரப்பினது. ‘நிலவறையில் உட்கார்ந்து தன் கையால் சாவைச் சமைத்தவர் இவர்’னு எழுதியிருக்கார் வக்கீல். சமையல் புஸ்தகம் போடலாம், நல்லா விக்கும்.”

வெண்டல் முதல் தடவையாக நிமிர்ந்தார்.

“எந்தப் பச்சைப் புள்ளி?”

“உங்க பச்சைப் புள்ளிதான். பேப்பரைப் படிக்கலையா?”

“படிக்கிற நிலையிலயா இருந்தேன்? டேய் தம்பி, பச்சைப் புள்ளி நான் கிளப் ரேஞ்சுல பழகறப்ப சுடற தோட்டாவுக்கு வெக்கறது. பத்துப் பேர் சுட்டா பத்துப் பேர் காலித் தோட்டாவும் தரையில கலந்து கிடக்கும். பச்சைன்னா என்னுது. பொறுக்கிட்டு வந்து மறுபடி மருந்து போட்டுக்குவேன். ஆனா வாசல்ல நின்னப்ப என் பிஸ்டல்ல இருந்தது கடைத் தோட்டா! வெள்ளி முலாம் பூசினது, ஏழு!”

“மீதி ஆறும் வெள்ளிதான்,” என்றாள் தெல்மா. “ஏழாவது வீட்டுத் தோட்டா, கலந்து போட்டிருப்பார்னு ஷெரிஃப் எழுதிட்டார். தானே ஒத்துக்கிட்ட ஆளோட கேஸை யார் திரும்பிப் பார்க்கறாங்க?”

“கலந்து போட்டேனா?” வெண்டலின் உள்ளங்கை கண்ணாடியில் படாரென்று விழுந்தது. காவலர் திரும்பிப் பார்த்தார். “ரேஞ்சுக்கு வீட்டுத் தோட்டா, இடுப்புக்குக் கடைத் தோட்டா. முப்பது வருஷமா இதைத்தானே கத்திட்டு இருக்கேன்! ஏன் தெரியுமா? நாளைக்கு நீ உசிரைக் காப்பாத்திக்கச் சுட்டாலும் கோர்ட்டுல ஒருத்தன் எழுந்து, ‘சாவைச் சமைச்சான்’னு இதே மாதிரிப் பேசுவான்!”

“அப்போ உங்க வெள்ளித் தோட்டாவோட காலிக் கூடு எங்கே?”

“தெரியலையே.”

“நீங்க பொறுக்கலையே?”

“பக்கத்துல ஒரு பையன் சாகறான், நான் தோட்டா பொறுக்குவேனா? நான் என்ன மிருகமா?”

“முதல்ல ஓடி வந்தது யாரு?”

“கிளைடும் மேபெலும். பக்கத்து வீடுதானே. துண்டு கொண்டு வந்தாங்க. நான் காயத்தை அழுத்திட்டு இருந்தேன், வேற எதையும் பாக்கலை.” அவருடைய குரல் மறுபடி இறங்கியது. “எனக்காகக் கதை கட்டாதேம்மா. அவன் என் கண்ணு முன்னாடி விழுந்தான்.”

*

வெண்டலின் வீட்டுப் பாதையில் ரத்தக் கறை இன்னும் போகவில்லை. யாரோ மணல் தூவியிருந்தார்கள். தெருவில் உருகிய டயர்கள் தாரோடு தாராக ஒட்டிக் கிடந்தன.

தெல்மா வாசல்படியில் நின்று விரலைத் துப்பாக்கியாக நீட்டினாள். “பதினைஞ்சு அடி. பையன் அங்கே. அவனுக்குப் பின்னாடி யாரு?”

“ஒரே ஒரு சாட்சி பாஸ்,” என்றான் ஆர்லோ. “ஆனா வாயைத் திறக்க மாட்டேங்குது.”

பாதையோரத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு சிமென்ட் வாத்து. அந்தத் தெருவில் பாதி வீட்டு வாசலில் அப்படி ஒன்று உண்டு. வாத்துக்கு மாசத்துக்கு ஓர் உடுப்பு மாட்டுவார்கள். இதற்குக் கறுப்பு கவுன், கறுப்புத் தொப்பி.

“துக்கம் அனுஷ்டிக்குது பாருங்க. எங்க மாமா செத்தப்ப எங்க அத்தைகூட இவ்வளவு கறுப்பு போடலை.”

“ஷெரிஃப் எடுத்த போட்டோவை எடு.”

ஆர்லோ எடுத்தான். வியாழக்கிழமைப் போட்டோவில் வாத்து மஞ்சள் மழைக்கோட்டு போட்டிருந்தது.

“வெண்டல் வியாழக்கிழமையிலேருந்து ஜெயில்ல இருக்கார்,” என்றாள் தெல்மா. “வாத்து தானா உடுப்பு மாத்திக்குமா?”

ஆர்லோ மண்டியிட்டான். “மன்னிச்சுக்கோ தாயே,” என்று கவுனைத் தூக்கினான். தூக்கிய கை அப்படியே நின்றது. “பாஸ்.”

வாத்தின் மார்பில் ஒரு பொத்தல். ஆர்லோ பேனாக் கத்தியால் நெம்பினான். சிமென்ட் உதிர்ந்தது. செம்பு உறை போட்ட குண்டு ஒன்று பூப்போல விரிந்து அவனுடைய உள்ளங்கையில் விழுந்தது.

“கடைக் குண்டு,” என்றாள் தெல்மா. “ஏழு தோட்டாவுல ஆறு மிச்சம். போனது ஒண்ணு. அந்த ஒண்ணு இங்கே இருக்கு.”

“அப்படின்னா பையனைச் சுட்டது?”

“முன்னாடி நின்ன வெண்டல் இல்ல. முதுகுப் பக்கம் நின்ன யாரோ.”

பையன் ஓடி வந்த திசையை இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் கிளைட் ஹஸ்கின்ஸ் வீட்டுப் பின்வாசல். அங்கே கொடியில் கை நீளத்துக்கு ஒரு சின்ன மஞ்சள் மழைக்கோட்டு காய்ந்துகொண்டிருந்தது. மார்பில் புதிதாக ஓர் ஒட்டு. தையல் அத்தனை நேர்த்தி.

*

கிளைடின் கராஜ் கதவு திறந்தே இருந்தது. கிளைட் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, மேஜையில் இறுக்கிய இரும்பு பிரஸ்ஸின் கைப்பிடியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். ஓர் இழுப்புக்கு ஒரு தோட்டா. மூலையில் காலித் தோட்டாக்களைப் பளபளப்பாக்கும் டிரம் கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. மேபெல் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் விரித்த துண்டின்மேல் கேக் தட்டை வைத்து, அதன் குழிகளில் காலித் தோட்டாக்களை ரகம் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அரிசியில் கல் பொறுக்குவது போல அத்தனை வேகம். தலையின் ஒரு பக்கம் முடி இல்லை. காது சுருங்கிப் போயிருந்தது.

“வா கண்ணு தெல்மா. ஆப்பிள் பை இருக்கு, சாப்பிடறியா?”

“நான் சாப்பிடறேன்,” என்றான் ஆர்லோ.

“நீ எப்பத்தான் வேண்டாம்னே!”

“ஆயிரம் தோட்டா இருக்கும் போலிருக்கே கிளைட்?” என்றாள் தெல்மா. “எந்த யுத்தத்துக்கு?”

“யுத்தம் முடிஞ்சுதுன்னு உனக்கு யார் சொன்னது?” கைப்பிடி கீழே இறங்கியது. “கலவரம்னதும் மூணே நாள்ல கடையில ஒரு தோட்டா கிடையாது. எங்ககிட்ட இருக்கு. ஏன்? ஒரு கூட்டைக்கூட நாங்க தூக்கி எறிஞ்சதில்ல. எறும்பு மாதிரி சேத்தோம். போன் போட்டா போலீஸ் வர இருபத்திரண்டு நிமிஷம். அதுக்குள்ள மேபெல் கரியாயிருப்பா. வெண்டல் ரேடியோவுல உபதேசம் பண்ணலாம். வெந்தது யாரு?”

ஆப்பிள் பை தட்டைத் தேடித் திரும்பிய ஆர்லோவின் முழங்கை மேஜையில் இடித்தது. நாலைந்து காலித் தோட்டாக்கள் தரையில் உருண்டன. கிளைட் நீளக் குச்சி இடுக்கியை எடுப்பதற்குள் மேபெல் தட்டோடு துண்டைச் சுருட்டிப் பிடித்தபடி குனிந்து ஐந்தையும் அள்ளிவிட்டாள்.

“சோத்து மூட்டை! கண்ணு எங்கே வெச்சிருக்கே?”

தெல்மாவின் கண் கேக் தட்டில் இருந்தது. எல்லாக் குழியிலும் தங்க நிறப் பித்தளை. ஓரக் குழி ஒன்றில் தனியாக ஒரே ஒரு வெள்ளி.

அவள் அதை விரல் நுனியில் எடுத்தாள்.

“கடைத் தோட்டாவாச்சே. இது யாருது மேபெல்?”

கிளைடின் கை பிரஸ் கைப்பிடியில் நின்றது.

“வெண்டலோட பிஸ்டல் சுட்ட தோட்டாவுல கூட்டைக் கவ்வி இழுத்த அதோட பல் தடம் இருக்கும்,” என்றாள் தெல்மா. “ஒத்துப் பார்க்கப் பத்து நிமிஷம் போதும். வாத்துக்குள்ள இருந்த குண்டு என் பாக்கெட்ல இருக்கு. பையன் உடம்புல ஈயக் குண்டு. வாசல்ல வெள்ளித் தோட்டா கிடந்தா பொருந்தாது. அதான் வெள்ளியை எடுத்துட்டு, ரேஞ்சுல பொறுக்கி வெச்ச பச்சைப் புள்ளியைப் போட்டாச்சு. எல்லாம் சரி. இந்த வெள்ளியை ஆத்துல வீசியிருந்தா கதை முடிஞ்சிருக்கும். ஆனா வீச மனசு வரலை. நல்ல கூடாச்சே! இன்னும் பத்துத் தடவை மருந்து போடலாமே!”

கிளைட் இரண்டு கையையும் முன்னால் நீட்டினார்.

“நான்தான். நான்தான் சுட்டேன். போட்டுக்கோ விலங்கை.”

“கிளைட்!” என்றாள் மேபெல்.

“நீ சும்மா இரு. பின்வாசல்லேருந்து சுட்டேன். அப்புறம் வெண்டல் வாசலுக்குப் போய்த் தோட்டாவை மாத்தினேன். போதுமா?”

தெல்மா இடுப்பிலிருந்து விலங்கை எடுத்தாள்.

“பாஸ், ஒரு நிமிஷம்,” என்றான் ஆர்லோ. அவனுடைய வாயில் ஆப்பிள் பை இருந்தது. “நல்லா ஒத்துக்கிட்டார். ஆனா அந்தத் தோட்டாவை வாசல்ல எப்படிப் பொறுக்கினார்? ரெண்டு முட்டியும் ஆபரேஷன்ல மாத்தி இரும்பு வெச்சது. ஷூவுக்கு லேஸ்கூடக் கிடையாது, சொருகிக்கற ரகம். இப்பக் கீழே விழுந்ததுக்கே குச்சியைத் தேடினார். அன்னிக்குத் துண்டை எடுத்துட்டு ஓடினாரா, குச்சியை எடுத்துட்டு ஓடினாரா? இந்த வீட்டுல குனியறது ஒரே ஒரு ஆள்தான்.”

தெல்மா திரும்பினாள்.

மடியில் இருந்த துண்டும் கேக் தட்டும் கீழே கிடந்தன. மேபெலின் கையில் ஒரு நாற்பத்தைந்து காலிபர் பிஸ்டல்.

“சோத்து மூட்டைன்னு உன்னைச் சொன்னது தப்பு,” என்றாள் அவள், நிதானமாக. “யாரும் அசையாதீங்க.”

“மேபெல். அது தற்காப்பு இல்ல. அவன் முதுகைக் காட்டி ஓடிட்டு இருந்தான்.”

“ஓடினான். கையில பெட்ரோல். மூஞ்சில துணி. என் கடைக்குள்ள பாட்டிலை வீசினவன் மூஞ்சிலயும் அதே துணி! கதவை இழுக்கறேன், திறக்கலை. என் முடி எரியற வாசனை என் மூக்குக்கே வருது. வெளியே நின்னு சிரிச்சான் தெல்மா! வெண்டல் வீட்டையும் கொளுத்தட்டும்னு பார்த்துட்டு நிக்கச் சொல்றியா?”

“உன் கடை எரிஞ்ச செவ்வாய்க்கிழமை பூரா டிராவிஸ் ஆஸ்பத்திரியில அம்மா பக்கத்துல இருந்தான். உன் கடைப் பக்கமே வரலை.”

“பொய்.”

“நர்ஸ் கையெழுத்து இருக்கு.”

“பொய்!”

பிஸ்டல் வெடித்தது. ஆர்லோ கையில் இருந்த தட்டு தூளாகி, அவனுடைய காது மடலில் பாதி தெறித்தது. கழுத்தெல்லாம் ரத்தம். “ஆப்பிள் பையைச் சுட்டுட்டா!” என்று அலறி அவன் மேஜைக்கு அடியில் விழுந்தான். தெல்மா தோளோடு டிரம்மின்மேல் பாய்ந்தாள். அது கவிழ்ந்து நூற்றுக்கணக்கான தோட்டாக்கள் தரையெல்லாம் சிதறின. கிளைட் ஸ்டூலிலிருந்து சரிந்து, மரத்துப்போன கால்களை இழுத்துக்கொண்டு இருவருக்கும் நடுவே புகுந்தார்.

“போதும்டி! மேபெல், போதும்!”

இரண்டாவது குண்டு அவருடைய வயிற்றில் இறங்கியது. அவர் பிரஸ் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினார். பாதியில் இருந்த தோட்டா நசுங்கி மருந்து கொட்டியது. அவருடைய சட்டையில் கறுப்பாக ஒரு வட்டம் விரிந்தது.

மேபெலின் பிஸ்டல் தெல்மாவின் நெற்றிக்கு நேராக வந்தது. அதே நொடி, பிஸ்டல் துப்பிய காலித் தோட்டா சுவரில் பட்டு மேபெலின் கால் பக்கம் டிங், டிங் என்று குதித்து ஓடியது.

மேபெலின் கண் அதன் பின்னால் போனது. தலை தாழ்ந்தது. இடது கை, அவளைக் கேட்காமலே, தரையை நோக்கி நீண்டது. முப்பது வருஷப் பழக்கம்.

அந்த ஒரு நொடி தெல்மாவுக்குப் போதும். தரையில் கிடந்த கனத்த கேக் தட்டை எடுத்து இரண்டு கையாலும் ஓங்கி அவளுடைய மணிக்கட்டில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. பிஸ்டல் தோட்டாக்களுக்கு நடுவே விழுந்தது. தெல்மா அவளைத் தரையோடு அழுத்திக் கையை முறுக்கி விலங்கை மாட்டினாள்.

“கிளைடுக்கு என்னாச்சு?” என்று மேபெல் தரையில் கன்னம் பதிய முனகினாள். “யாராச்சும் துண்டு குடுங்களேன். கிளைடு, பேசேன்.”

ஆர்லோ ஒரு கையால் காதைப் பொத்தி, மறு கையால் அந்தத் துண்டையே எடுத்துக் கிளைடின் வயிற்றில் அழுத்தினான். “மூச்சு இருக்கு பாஸ். ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க. எனக்கும் சேர்த்து. மணி ஒண்ணு அம்பது ஆச்சு!”

*

கோர்ட்டில் வெண்டலுக்காக வாதாடும் வக்கீலின் போன் ஏழாவது மணியில் எடுக்கப்பட்டது. “கூப்பிட்டுட்டாங்க, எழுந்து நிக்கறார்,” என்றாள் அந்த வக்கீல் பெண், கிசுகிசுப்பாக.

“ஒரு நிமிஷம் கேளு. போனை அவர் காதுல வை. ஜட்ஜ் திட்டினா திட்டட்டும்.”

ஏதோ உரசல். சுத்தியல் தட்டும் சத்தம். அப்புறம் வெண்டலின் மூச்சு.

“வெண்டல், உங்க குண்டு அவன்மேல படலை. குறி தப்பிடுச்சு. சுட்டது மேபெல். கையில விலங்கோட இங்கே கிடக்கா. வாயைத் திறந்து ‘குற்றவாளி’ன்னு சொல்லிடாதீங்க.”

மறுபடி சுத்தியல் தட்டும் சத்தம்.

“காதுல விழுந்துதா? நீங்க கொல்லலை.”

“விழுந்துதும்மா,” என்றார் வெண்டல். “ஆனா நான் வானத்தைப் பார்த்துச் சுடலையே. அவன் நெஞ்சைப் பார்த்துத்தானே சுட்டேன்.”

தெல்மா தரையில் விலங்கோடு கிடந்த மேபெலைப் பார்த்தாள்.

“டிராவிஸோட அம்மா ரோண்டா மூணாவது வரிசையில உக்காந்திருக்காம்மா. மூக்குல டியூபோட, கால் பக்கத்துல சிலிண்டரோட. பையனைக் கொன்னவன் வாயால கேட்டுட்டுப் போகணும்னு வந்திருக்கா. இப்ப அவகிட்ட நான் போய் என்னன்னு சொல்றது? உன் பிள்ளையைக் கொல்லத்தான் பார்த்தேன், முடியலைன்னா?”

போனில் ஜட்ஜின் குரல் ஏதோ கேட்டது. வெண்டல் போனிலிருந்து வாயை நகர்த்திச் சொன்னது தெல்மாவுக்குத் தெளிவாகக் கேட்டது.

“ஐயா, நான் குற்றவாளி இல்லை. ஆனா உட்கார்றதுக்கு முன்னாடி அந்த அம்மாகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும். கை விலங்கை அவிழ்க்க வேண்டாம். இப்படியே பேசறேன்.”